வைடுக்கோடு

மேலக்காட்டுக்கு ஒன்பது வைடு.
சாமியார்குளத்துக்கு இரண்டு.
எண்ணிக்கையில் தப்பில்லை.
குட்டியானையின் பின்கதவை இறக்கிவிட்டு
அதில் உட்கார்ந்து எழுதினேன்,
நடுவர் இன்பராஜின் முதுகுக்கு நேர் பின்னால்.

பணகுடிக்குத் தெற்கே
தண்ணீர் வராத குளத்துக்குள் இறுதிப்போட்டி.
ஆனி மாசத்துக் கச்சான்
கணவாய் வழியே புகுந்து
காற்றாடிகளைச் சுற்றிவிட்டு
மிச்சத்தோடு எங்கள்மேல் விழுந்தது.
டென்னிஸ் பந்துக்கு என்ன கனம் இருக்கிறது?
போட்டவன் கையில் ஒரு நினைப்பு,
காற்றுக்கு வேறு நினைப்பு.

பரிசுக் கிடா வேலிகாத்தானில் கட்டிக் கிடந்தது.
கழுத்து மாலையைப் பாதி தின்றிருந்தது.

வைடு வரும்போதெல்லாம்
ஓட்டத்தோடு ஒரு புள்ளியும் வைப்பேன்,
பந்து எங்கே போனதென்று.
வைடு கொடுக்காத பந்துக்கும் வைப்பேன்.
யாரும் கேட்கவில்லை. பழக்கம்.
வாரத்தில் ஆறு நாள்
ராதாபுரம் ரோட்டில் எடைமேடை பார்க்கிறவன் நான்,
ஜல்லி லாரியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறவன்.

எழுபத்தொன்று அடித்தது மேலக்காடு.
சாமியார்குளம் அறுபத்தெட்டில் நின்றது.
கடைசிப் பந்து ஆப் பக்கம் விலகிப் போக
இசக்கிதுரை மட்டையை நீட்டாமல்
கையை விரித்துக் காட்டினான், வைடென்று.
இன்பராஜ் விரிக்கவில்லை.
பையிலிருந்த கல்லை எண்ணிப் பார்த்தார்,
ஓவர் முடிந்தது என்றார்.

"எத்தன துட்டுவே வாங்குனீரு?"
முதல் குரல் யாருடையதென்று தெரியவில்லை.
பிறகு எல்லாருடையதும்.
உடன்குடிக்காரர், இரண்டு ஊருக்கும் பொதுவென்று
பெட்ரோலுக்கு முந்நூறு கொடுத்துக் கூட்டிவந்தவர்.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.
வழுக்கையில் செம்மண்.

என் நோட்டைப் பிடுங்கினான் இசக்கிதுரை.
"காலைல இதே எடத்துல போன பந்துக்கு
வைடு குடுத்தாரா இல்லையா? நீயே சொல்லு."
கொடுத்திருந்தார்.
புள்ளிமேல் புள்ளி வைத்துப் பார்த்தேன்.
காலையில் வைடான இடத்தில்
மத்தியானம் வைடாகாமல் போனவை ஐந்து.
தோற்றது மூன்றில்.

சொல்லவா?
தொண்டையில் புழுதி.

அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன்.
கீப்பிங் நிற்கும் பையன்
நீறு பறக்கப் பறக்க
மிச்சம் கிடந்த வெள்ளையின்மேலேயே
டப்பாவைத் தட்டித் தட்டிப் போட்டிருக்கிறான்.
காற்று மேற்கிலிருந்து.
வெள்ளை கிழக்கே.
ஓவருக்கு ஒரு எள்ளளவு.
குனிந்து ஸ்டம்பிலிருந்து அளந்தேன்,
காலையில் குத்திய குழி இன்னும் இருந்தது,
அங்கிருந்து கோடு
என் கையால் நாலு விரல் தள்ளி.

இன்பராஜ் ஒரு பந்தில்கூடப் பிசகவில்லை.
கோட்டுக்கு வெளியே என்றால் வெளியே.
உள்ளே என்றால் உள்ளே.
கோடுதான் நடந்திருக்கிறது.

"அப்ப எங்களுக்கு அஞ்சு ஓட்டம் உண்டுல்லா?"
இசக்கிதுரை கேட்டது நியாயம்தான்.
"கோட்டப் பாத்துத்தானல குடுத்தாரு?"
மேலக்காட்டுக்காரன் சொன்னதும்.
கீப்பிங் பையன் அழ ஆரம்பித்திருந்தான்.
அவன் சாமியார்குளத்துக்காரன்,
மேலக்காட்டில் ஆள் குறைந்ததென்று
இரவல் வாங்கிய பையன்.

கிடாவை அன்று யாரும் அவிழ்க்கவில்லை.
இருட்டின பிறகு தானே அறுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

இன்பராஜ் பைக்கை உதைத்தார், பிடிக்கவில்லை.
மறுபடி உதைக்குமுன்
என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
"அந்த அஞ்சும் எந்தெந்த ஓவர்?"
சொன்னேன்.
ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்,
ஏற்கெனவே தெரிந்தவர் போல.

திங்கட்கிழமை.
முதல் லாரி மேடையில்.
தார்ப்பாயைக் கச்சான் தூக்கித் தூக்கி அடிக்க
சிவப்பு எண்கள் நிற்கவில்லை:
இருபது கிலோ கூட, நாற்பது குறைய,
மறுபடி கூட.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
பொத்தானை எப்போது அமுக்குவேன் என்று
இத்தனை வருசத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

அமுக்கினேன்.
சீட்டு வந்தது.
வாங்கிப் பாராமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.